பத்து மணி நேர நேயர்

கேள்வி: என் தையற்கடையில் காலை பத்து மணி முதல் இரவு எட்டு மணி வரை தனியார் எஃப்.எம். ஓடிக்கொண்டிருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன் கேட்ட பாட்டே சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாலும் ஒலிக்கிறது. நிலையத்தை மாற்றினால் அங்கேயும் அதுதான். நேயர் விருப்பம் என்று சொல்லிவிட்டுப் போடுவதும் அதே பாட்டு. ஆயிரக்கணக்கில் தமிழ்ப் பாட்டுகள் இருக்க, இவர்களிடம் நாற்பதுதான் இருக்கிறதா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: நாற்பதுக்குப் பிறகு வருகிறேன். நேயர் விருப்பம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. இலங்கை வானொலியும் விவித பாரதியும் கோலோச்சிய காலத்தில் அதைப் பாட்டு நிகழ்ச்சி என்பதைவிடப் பெயர் வாசிக்கும் நிகழ்ச்சி என்பதே பொருந்தும். ஒரு தபால் அட்டையில் எத்தனை பெயர்களை நெருக்கி எழுத முடியுமோ அத்தனையும் எழுதப்பட்டிருக்கும்: அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியப்பாவின் பிள்ளைகள், பம்பாய்க்கு வேலைக்குப் போன சின்ன மாமா, எதிர்வீட்டு டீச்சர், தொட்டிலில் கிடக்கும் கைக்குழந்தை, கடைசியில் யார் மனமும் நோகக்கூடாது என்பதற்காக ‘மற்றும் குடும்பத்தினர்’. அறிவிப்பாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அனைத்தையும் வாசித்து முடிக்கும்போது நேரம் கரைந்துபோய், பாட்டில் பல்லவியும் ஒரு சரணமும் மட்டுமே மிஞ்சும். அதற்காக எவரும் குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. குறை வேறு இடத்தில்தான் முளைக்கும். மாப்பிள்ளையின் பெயர் டீச்சரின் பெயருக்குப் பின்னால் வாசிக்கப்பட்டுவிட்டால் அது கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போனதற்குச் சமமான குற்றம். அதைச் சரிக்கட்ட மறுவாரமே இன்னோர் அட்டை போகும், அதே பாட்டைக் கேட்டு, பெயர் வரிசையை மட்டும் மாற்றி. அட்டை கிடைத்த நிலையமும் அதே பாட்டைப் போடும்.

இந்தக் கலையில் இந்தியா முழுவதற்கும் முன்னோடி, இன்று ஜார்க்கண்டில் இருக்கும் ஜும்ரி தலையா என்ற சிற்றூர். மைக்கா சுரங்கங்களால் பணம் பார்த்த அந்த ஊரிலிருந்து இலங்கை வானொலியின் இந்தி நிகழ்ச்சிகளுக்கும் விவித பாரதிக்கும் வந்து குவிந்த அட்டைகளால் அதன் பெயர் நாடெங்கும் ஒலித்தது; அப்படியோர் ஊரே கிடையாது, அறிவிப்பாளர்கள் வேடிக்கைக்காக இட்டுக்கட்டியது என்று நம்பியவர்களும் உண்டு.

ஆக, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கியவர் முதலில் நேயர்தான் என்பதை நாம் மறைத்துவிட்டு நிலையங்களைத் திட்டுவது நியாயமாகாது. இதைத் தொழிலாக்கியவர் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் வானொலி நிலையம் நடத்திய டாட் ஸ்டோர்ஸ் என்பவர். காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளில் எத்தனை இசைத்தட்டுகள் இருந்தாலும் மக்கள் சில தட்டுகளுக்கே மறுபடி மறுபடி காசு போடுகிறார்கள் என்பதைக் கவனித்து, 1950களின் தொடக்கத்தில் அந்த வழக்கத்தையே தம் நிலையத்தின் விதியாக்கினார். அதிலிருந்து வளர்ந்த முறைக்கு ‘டாப் 40’ என்று பெயர். நீங்கள் குத்துமதிப்பாகச் சொன்ன எண் அங்கே எழுபது ஆண்டுகளாகத் தொழிலின் பெயராகவே இருக்கிறது. இன்று அமெரிக்காவின் பெரிய நிலையங்களில் உச்சத்தில் இருக்கும் ஒரு பாட்டு வாரத்துக்கு நூறு தடவைக்கு மேல் ஒலிப்பது சாதாரணம்.

ஆனால் ஜூக்பாக்ஸில் காசு போட்டவரும் அட்டை எழுதியவரும் ‘இது வேண்டும்’ என்று கேட்டவர்கள். வணிக வானொலி இன்று கேட்கும் கேள்வி வேறு: எதைப் போட்டால் நேயர் நிலையத்தை மாற்றாமல் இருப்பார்? இதற்காகவே வெளிநாட்டு நிலையங்கள் வகுத்த சோதனை முறை ஒன்று உண்டு. ஒரு பாட்டின் மிகவும் தெரிந்த பகுதியை ஏழெட்டு வினாடிகளுக்கு மட்டும் ஒலிக்கவிட்டு, இது உங்களுக்குத் தெரிந்த பாட்டா, பிடிக்கிறதா, சலித்துவிட்டதா என்று ஒரு கூடத்தில் கூட்டிய நூறு பேரிடம் மதிப்பெண் வாங்குவார்கள். ஏழு வினாடிக்குள் அடையாளம் தெரியாத பாட்டு அத்துடன் தொலைந்தது. சரணத்தில்தான் அழகு இருக்கிறது, இடையிசையில்தான் உயிர் இருக்கிறது என்று வாதாட அந்தக் கூடத்தில் வக்கீல் கிடையாது. சலிப்பையும் அளக்கிறார்களே, பிறகு எனக்கு ஏன் சலிக்கிறது என்று கேட்பீர்கள். அளக்கப்படுவது உங்கள் சலிப்பு அல்ல, காரிலும் ஆட்டோவிலும் இருபது நிமிடம் கேட்டுவிட்டு இறங்கிப் போகிறவரின் சலிப்பு.

பாடல்களை வரிசைப்படுத்தும் மென்பொருளை அருகில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அதில் பாட்டுகள் கூடை கூடையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் கூடையில் இருக்கும் சில பாட்டுகள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வந்தே தீரவேண்டும், அடுத்தவை நாளுக்கு ஒன்றிரண்டு முறை, பழையவை எப்போதாவது. ஒரே பாடகரின் பாட்டுகள் அடுத்தடுத்து வரக்கூடாது, நேற்று காலை எட்டரைக்கு வந்த பாட்டு இன்று காலை எட்டரைக்கு வரக்கூடாது என்றெல்லாம் அதற்கு விதிகள் கொடுக்கலாம். இந்த விதிகளுக்குப் பின்னால் இருக்கும் அக்கறையைப் பாருங்கள்: எட்டரை மணிக்கு ஆட்டோவில் ஏறுகிறவர் இரண்டு நாளும் ஒரே பாட்டைக் கேட்டுவிடாதபடி அந்தப் பாட்டு நாள் முழுவதும் பல மணிகளுக்கு நகர்த்தப்படுகிறது. அவருக்காக நகர்த்தப்பட்ட ஒவ்வொரு முறையும் அது உங்கள் கடையில்தான் ஒலிக்கிறது. காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை காஜா எடுத்துக்கொண்டே கேட்கும் நீங்கள்தான் நிலையத்தின் மிக விசுவாசமான நேயர். ஆனால், நீங்கள் இருப்பதாக நினைத்து அந்தப் பட்டியல் போடப்படவில்லை.

நம் ஊரில் இன்னொரு கூத்தும் உண்டு. வானொலி கேட்பவர்களை வாராவாரம் கணக்கெடுக்க 2007இல் தொடங்கப்பட்ட ‘ராம்’ என்ற அளவீட்டு முறை தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களுக்கானது. தமிழ்நாட்டு நகரம் எதுவும் அதில் இல்லை. எண் கையில் இல்லாதவன் துணிந்து புதிதாக ஒன்றைச் செய்துபார்ப்பான் என்று நினைக்கத் தோன்றும், நடப்பதோ நேர்மாறு. எண் இல்லாதவன் பக்கத்து நிலையத்தைப் பார்த்து எழுதுகிறான்.

காசு ஒரு காரணமா என்றால், பெரும்பாலும் இல்லை. 2010 ஆகஸ்டில் காப்புரிமை வாரியம், நிலையங்கள் தங்கள் நிகர விளம்பர வருவாயில் 2 சதவீதத்தை இசை நிறுவனங்களுக்குத் தரவேண்டும் என்று நிர்ணயித்தது. 2020 வரை நீடித்த அந்த ஏற்பாட்டில் நாற்பது பாட்டைப் போட்டாலும் நாலாயிரம் பாட்டைப் போட்டாலும் பங்கு வருவாயைப் பொறுத்ததே தவிரப் பாட்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது அல்ல. பாட்டு இருந்தது, போடத்தான் பயம்.

போட்டி வந்தால் தரம் வரும், வகை வரும் என்று இந்தப் பக்கத்தில் என்னோடு நெடுங்காலமாக மல்லுக்கு நிற்கும் பொருளாதார நண்பர்களுக்காக ஒரு கணக்கு. ஊரில் நூறு நேயர்கள். எண்பது பேருக்குப் புதுப்பாட்டு வேண்டும், இருபது பேருக்குப் பழைய பாட்டு வேண்டும். மூன்று முதலாளிகள் மூன்று நிலையம் நடத்துகிறார்கள். மூவரும் புதுப்பாட்டையே போட்டால் ஆளுக்கு இருபத்தாறு பேர் தேறுவார்கள். பழைய பாட்டுக்குப் போகிறவருக்கு இருபதுதான். எனவே எவரும் போகமாட்டார்கள். மூன்றுக்கும் ஒரே முதலாளி என்றால், தன் நிலையங்களே ஒன்றை ஒன்று தின்பதில் அவருக்கு லாபம் இல்லை; ஒன்றைப் பழைய பாட்டுக்கு ஒதுக்கி நூறு பேரையும் வளைத்துப்போடுவார். வானொலியை வைத்தே பீட்டர் ஸ்டைனர் என்ற பொருளாதார அறிஞர் 1952இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் சாரம் இது. ஒரே நிறுவனம் ஒரே நகரில் ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசை வைத்துக்கொள்ளலாம் என்று 2011ஆம் ஆண்டுக் கொள்கை அனுமதித்த பிறகு, தில்லியிலும் மும்பையிலும் பழைய பாட்டுக்கென்றே தனி அலைவரிசைகள் முளைத்ததற்கு இந்தக் கணக்கே விளக்கம். திருச்சி அளவு ஊர்களுக்கு அந்த யோகம் வரவில்லை.

வழக்கமான என் புலம்பலுக்கு வந்துவிட்டேன். காற்றலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் தனியார் வானொலி சொந்தமாகச் செய்தி சொல்ல இன்றுவரை வழியில்லை. ஆகாசவாணியின் செய்தியை ஓர் எழுத்து மாற்றாமல் அப்படியே அஞ்சல் செய்யலாம். போக்குவரத்து நெரிசல், வானிலை, தேர்வு முடிவு போன்றவற்றைச் சொல்லலாம். அதற்கு மேல் வாய் திறக்கக்கூடாது. மணிக்குப் பத்து நிமிடம்வரை செய்தியும் நடப்பு நிகழ்ச்சிகளும் சொல்ல அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. பத்திரிகை எழுதலாம், தொலைக்காட்சி இரவெல்லாம் கத்தலாம், கைப்பேசியில் எவர் வேண்டுமானாலும் எதையும் பரப்பலாம், பண்பலை மட்டும் பாடிக்கொண்டே இருக்கவேண்டும் என்றால், எல்லோரும் ஒரே சரக்கை ஒரே தெருவில் விற்கும் நிலைதான் வரும். அதற்காக நிலையத்தாரை முழுக்க விட்டுவிடவும் முடியாது. உங்கள் திருச்சி வானொலி 1960களில் தஞ்சை விவசாயிகளிடம் ஏ.டி.டி. 27 நெல்லைப் பற்றிப் பேசிப் பேசியே பரப்பியதில், அந்த ரகத்துக்கு ‘ரேடியோ நெல்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. நெல்லைப் பற்றிப் பேசத் தனியாருக்கும் தடை இல்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே தொகுப்பாளர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்ளும் நேரத்தில் பாதியைத் தந்தால் போதும்.

அப்படியானால் அரசே தலையிட்டு நல்ல பாட்டைப் போடச் சொல்லலாமே என்று சிலர் உடனே கடிதம் எழுதுவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அது நடந்து பார்த்ததுதான். 1940இல் ஆர்மோனியத்துக்கே தடை போட்டு, 1971 வரை அதைக் கட்டிக்காத்த அரசு வானொலி நம்முடையது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று அதை அகில இந்திய வானொலியில் ஒடுக்கினார். மக்கள் சத்தமில்லாமல் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பிறகு 1957இல் விவித பாரதியைத் தொடங்கித்தான் அவர்களைத் திரும்ப அழைக்கவேண்டியிருந்தது.

உங்கள் கடைக்கு உடனடி நிவாரணம் வேண்டுமென்றால், 1939 மே மாதம் முதல் ஒலிபரப்பிவரும் உங்கள் ஊர் வானொலி நிலையத்தை ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். அது ஒத்துவராவிட்டால் ஒரு பென் டிரைவில் இரண்டாயிரம் பாட்டுகளை ஏற்றி ஓடவிடுங்கள். ஒரு மாதம் கழித்து, வேலைக்கு நடுவே கையை நீட்டி நீங்களே எத்தனை பாட்டுகளைத் தாண்டிவிடுகிறீர்கள், எந்தப் பாட்டுகளை மறுபடி போடுகிறீர்கள் என்று கணக்கெடுத்து எனக்கு எழுதுங்கள். பட்டியலை அப்படியே பிரசுரிக்கிறேன். வேண்டுமானால் கீழே குடும்பத்தினர் பெயர்களையும் போட்டுவிடலாம், ஆனால் வரிசையை நீங்களே முடிவு செய்து அனுப்பிவிடுங்கள், எனக்கு வம்பு வேண்டாம்.