கம்பும் அரிசியும் ஒரே குழுதானுங்க

வணக்கங்க. கோபிப் பக்கம், பெண்கள் ஒரு நாளில் எத்தனை வகை உணவு சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கும் கணக்கெடுப்பில், ஒரு அக்கா முந்தின நாள் சாப்பிட்ட கம்மங்கூழ், மோர், அரிசிம்பருப்பு, கொள்ளு, கத்தரிக்காய்ப் பொரியல், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து 7 போட்டேன், மேற்பார்வையாளர் 4 என்று திருத்திவிட்டார் என்று கேட்டிருந்தீர்கள். அவர் செய்தது சரிதான்.

எண்ணுவது பதார்த்தத்தை அல்ல, குழுவை. 15 முதல் 49 வயதுப் பெண்களுக்கு 10 உணவுக் குழுக்கள். கம்பும் அரிசியும் ஒன்று. துவரையும் கொள்ளும் ஒன்று. கத்தரிக்காய் ஒன்று, கூழில் டம்ளர் கணக்கில் ஊற்றிய மோர் ஒன்று. தாளிக்கப் போட்ட கறிவேப்பிலை கீரைக் கணக்கில் வராது. 15 கிராமாவது வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும்.

ஆனால் 4-க்கும் 5-க்கும் நடுவில்தான் எல்லாமே இருக்கிறது, 5 குழு வந்தால்தான் குறைந்தபட்ச உணவுப் பன்மையை எட்டியதாகக் கணக்கு. அதனால் கேட்கும் விதத்தில் கவனம் வையுங்கள். பெருந்துறைப் பக்கம் ஒரு அக்கா என்னிடம் "வேற ஒண்ணுமில்லைங்க" என்று முடித்துவிட்டார். காட்டுக்குப் போனீங்களா என்றதும், களை வெட்டும்போது ரெண்டு கை நிலக்கடலை தின்றதைச் சொன்னார். கடலைக்குத் தனிக் குழு! சாப்பாட்டு வேளையை மட்டும் கேட்டால் இது விட்டுப்போகும்.

அப்புறம் ஒன்று. 4 வந்த அக்காவிடம் "உங்களுக்குச் சத்துக் குறைவு" என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். ஒரு நாள் சாப்பாடு ஒருவரைப் பற்றி அவ்வளவு சொல்லாது. ஊரில் நூற்றுக்கு எத்தனை பேர் 5 எட்டினார்கள் என்பதற்குத்தான் இந்த அளவுகோல். 2025-இல் ஐ.நா. நீடித்த வளர்ச்சி இலக்குகளின் குறியீடுகளில் இதையும் சேர்த்ததும் அந்த விகிதமாகத்தான்.