பெருமந்தக் காலத்தில் அமெரிக்கப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியை எப்படி முடித்தார்கள்?

பெருமந்தம் என்பது 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்த பிறகு சுமார் பத்தாண்டு நீடித்த வேலையில்லாக் காலம். 1933இல் ஏறத்தாழ நான்கு தொழிலாளர்களில் ஒருவருக்கு வேலை இல்லை. பெரியவர்களுக்கே வேலை கிடைக்காதபோது பதினாறு வயதுப் பையனை யார் கூப்பிடுவார்கள்? அதனால்தான் பள்ளியில் கூட்டம் கூடியது. மழைநாளில் காட்டுவேலை நின்றுபோனால் பிள்ளை பள்ளிக்கூடம் போகுமே, அந்த மாதிரி.

மாவுச் சாக்கைப் பிரித்து, அதில் அச்சிட்ட எழுத்து போகும்வரை ஊறவைத்துத் துவைத்து, அம்மாக்கள் உடை தைத்தார்கள். அந்தத் தையலை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நெகிழும். சிகாகோவில் மாதக்கணக்கில் சம்பளம் வராமலே ஆசிரியர்கள் பாடம் நடத்தினார்கள். 1935இல் தொடங்கிய தேசிய இளைஞர் நிர்வாகம் என்ற அரசு அமைப்பு, ஏழை மாணவர்களுக்குப் பகுதிநேர வேலை கொடுத்து மாதம் 6 டாலர் வரை தந்தது.

அப்புறம், வறுமையால் பெரும்பாலோர் படிப்பை விட்டுவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 1940க்குள் பதினேழு வயதினரில் சுமார் பாதிப்பேர் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்கள்.