கன்று ஈனும் பிப்ரவரிக்கு டாப்-அப் கடன் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 43. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை, கைக்கு வருவது மாதம் 95,000 ரூபாய். காட்டுயிர்ப் படம் எடுப்பதில் பைத்தியம் என்றே சொல்லலாம். தான்சானியாவில் வைல்டுபீஸ்ட் என்ற பெரிய மான் வகை கன்று ஈனும் பருவத்தைப் பார்க்க வரும் பிப்ரவரியில் மனைவியோடு போக ஆசை. ஆறு இரவுக்கு ஆளுக்கு 2,700 டாலர் கேட்கிறார்கள். என்னுடைய தனிநபர் கடனில் இன்னும் 3.1 லட்சம் பாக்கி, மாதத் தவணை 9,600. வங்கியே அதை 8 லட்சமாக டாப்-அப் செய்து தருகிறேன் என்கிறது. வாங்கலாமா, இல்லை மகளின் கல்லூரிக்கு வைத்திருக்கும் மியூச்சுவல் ஃபண்டை விற்கலாமா? சகலை குடும்பமும் வருகிறார்கள். அவர்களுடைய அட்வான்ஸையும் என் கார்டிலேயே போடச் சொல்கிறார். இரவில் தூக்கம் வரவில்லை.

பதில்: தூக்கம் வராதது நல்ல அறிகுறி என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அனுப்பிய கடன் கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். முதலில் வாங்கியது 3 லட்சம், கேமராவுக்கு. இரண்டு வருடம் கழித்து லடாக் போக ஒரு டாப்-அப். ஒன்றரை வருடத்தில் லென்ஸுக்கு இன்னொன்று. மூன்று தடவையும் சேர்த்து உங்கள் கைக்கு வந்தது சுமார் 6.1 லட்சம். இதுவரை கட்டியது 5.2 லட்சம். இன்னும் பாக்கி 3.1 லட்சம். அதாவது வட்டிக்குப் போனது 2.2 லட்சம். இப்போது உங்களிடம் கேட்கிறார்களே ஆளுக்கு 2,700 டாலர், டாலரை 90 ரூபாய் என்று வைத்தால் அது 2.43 லட்சம். கிட்டத்தட்ட ஒரு ஆளின் சஃபாரியை வங்கிக்கே கொடுத்துவிட்டீர்கள்.

சிக்கல் ஆப்பிரிக்கா அல்ல, இந்த டாப்-அப் பழக்கம்தான். ஐந்து வருடக் கடனில் ஆரம்பத் தவணைகளில் பாதி வட்டி, பிற்பகுதியில்தான் அசல் வேகமாகக் குறையும். நீங்கள் ஒவ்வொரு முறையும் அந்தப் பிற்பகுதியை எட்டும் முன்பே ‘சார், உங்களுக்கு ப்ரீ-அப்ரூவ்டு ஆஃபர் இருக்கு’ என்று போன் வருகிறது. நீங்களும் மறுபடி முதல் தவணைக்கே போய் நிற்கிறீர்கள். வங்கிக்கு உங்களை மாதிரி வாடிக்கையாளர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

இப்போது 8 லட்சம் வாங்கினால் பழைய பாக்கி போகக் கையில் வருவது 4.9 லட்சம். இப்போதைய கடனின் அதே 13 சதவீத வட்டிக்கு, 60 மாதத்துக்குத் தவணை சுமார் 18,200. இப்போதைய கடன் இன்னும் 40 மாதத்தில் தானாகவே முடிந்துவிடும். அதை விட்டுவிட்டுப் புதிதாக ஐந்து வருடம், வட்டி மட்டும் 2.9 லட்சம்.

அந்த 4.9 லட்சமும் போதாது. பேக்கேஜுக்கே 4.86 லட்சம் ஆகிவிடும். கிளிமஞ்சாரோ விமான நிலையம் வரை இருவருக்கும் டிக்கெட் 1.2 லட்சம் என்று வையுங்கள். விசா ஆளுக்கு 50 டாலர். ஓட்டுநர்-வழிகாட்டிக்கு டிப்ஸ், காப்பீடு, சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்தால் 6.4 லட்சம் வந்துவிடும். மீதியைக் கார்டில் தேய்ப்பீர்கள், அதுவும் டாலரில். மாற்றுக் கட்டணமே பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை போகும். ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்று ஒருவன் வருவான். செயலாக்கக் கட்டணத்தையும் வட்டியின் மேல் ஜிஎஸ்டியையும் பார்த்துவிட்டு அப்புறம் அவனிடம் பேசுங்கள். பேக்கேஜை இங்குள்ள ஏஜென்சி மூலம் எடுத்தால் டிசிஎஸ் என்று ஒரு வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். அது வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது வரவு வரும், ஆனால் அதுவரை பணம் முடங்கும்.

மியூச்சுவல் ஃபண்டைத் தொடாதீர்கள். அது மகளின் கல்லூரிக்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? தீபாவளி போனஸ் 1.2 லட்சத்தை அப்படியே கடனில் கட்டுங்கள். பகுதி அடைப்புக்குக் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பாக்கி 1.9 லட்சம் ஆகும். உங்கள் கணக்குப்படி தவணை போக மாதம் 14,000 மிஞ்சுகிறது. அதில் 8,000 சேர்த்துக் கட்டினால் ஒரு வருடத்துக்குள் கடன் தீர்ந்துவிடும். மீதி 6,000 தொடர் வைப்பில் போகட்டும். அதன் பிறகு மாதம் 23,600 சேமிக்கலாம். இரண்டு போனஸும் சேர்ந்தால் இன்றிலிருந்து மூன்றாவது பிப்ரவரிக்குப் பணம் தயார். இதற்கு ஸ்மால் கேப் ஃபண்ட், தீம் ஃபண்ட் எதுவும் வேண்டாம். இரண்டு வருடப் பணத்துக்கு வைப்பு நிதி போதும்.

மூன்று வருடமா என்று முகம் சுளிக்காதீர்கள். கன்று ஈனுவது ஒருமுறை நடக்கும் திருவிழா அல்ல. ஒவ்வொரு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை தெற்கு செரெங்கெட்டியிலும் என்டுட்டு சமவெளியிலும் மந்தை வந்து நிற்கும். எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணில் முளைக்கும் குட்டைப் புல் கன்று ஈனும் தாய்க்கு ஊட்டம். அதனால்தான் அங்கே வருகிறது. இரண்டு மூன்று வாரத்துக்குள் லட்சக்கணக்கில் கன்றுகள் விழும், சில நிமிடத்தில் எழுந்து தள்ளாடும், பின்னாலேயே சிறுத்தையும் கழுதைப்புலியும் நிற்கும். மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு ஜூலையிலிருந்து காத்துக் கிடக்க வேண்டும். கன்று ஈனும் பருவத்தில் மந்தை ஒரே இடத்தில் இருக்கும், தினம் முகாம் மாற வேண்டாம். உங்களுக்கு இதுவே சரி.

செலவைக் குறைக்க ஒரே வழி வண்டியைப் பகிர்வது. ஜீப், எரிபொருள், வழிகாட்டி எல்லாம் வண்டிக் கணக்கு, நாலு பேர் சேர்ந்தால் நாலாகப் பிரியும். என்டுட்டு இருக்கும் நிகோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியின் நுழைவுக் கட்டணம் ஆளுக்கு, நாளுக்கு 70 டாலரை ஒட்டி வரும். அது குறையாது. தள்ளுபடி என்று யாராவது ரொம்பக் குறைத்துச் சொன்னால், அந்தக் கட்டணம் உள்ளே சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

அந்த நாலில் சகலையும் அவர் மனைவியும் இருக்கலாம், தப்பில்லை. அட்வான்ஸ் விஷயத்தில் மட்டும் ஏஜென்சியின் வங்கிக் கணக்கு எண்ணை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். உங்கள் கார்டு எண்ணை அல்ல.