நீலப் படங்கில் வள்ளத்துக்குப் பாய் தைத்தால் தாங்குமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: 12 அடி பிளைவுட் வள்ளம் கட்டியிருக்கிறார், பொல்கொட ஏரியில் ஓட்ட ஆசை. கடையில் விற்கும் நீலப் படங்கில் பாய் தைக்கலாமா, புறக்கோட்டையில் ஒரு தரகர் தருவதாகச் சொல்லும் 'இம்போர்ட் பாய்த்துணி'யை வாங்கலாமா?

படங்கே போதும். வெயிலில் விட்டுவைத்தால் பொடிந்துவிடும், ஓடி முடிந்ததும் சுருட்டி நிழலில் வையுங்கள்.

தரகரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பாய்த்துணி என்று சொல்லிக் குடை தைக்கிற நைலோனைத் தலையில் கட்டிவிடுவார்கள். அது இழுபடும், பாயின் உருவமே போய்விடும். துணியைக் கையில் வாங்கி, இழைக்குக் கோணலாக இழுத்துப் பாருங்கள். நல்ல டாக்ரன், அதாவது பாய்க்கென்றே நெய்த பொலியெஸ்டர் துணி, கடதாசி மாதிரிச் சரசரக்கும், நீளாது. துண்டைக் காட்டாமல் முற்பணம் கேட்கிறவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

பாய்மரத்தோடு சேரும் ஓரத்தை நேராக வெட்ட வேண்டாம். நடுவில் இரண்டு அங்குலம் வெளியே வளையட்டும், நேரான மரத்தில் கட்டும்போது அந்த மேலதிகத் துணிதான் வயிறாக உப்பும். காற்றோடு மட்டும் ஓடுவதென்றால் தட்டைப் பாயும் சரி, ஆனால் அதற்குத் துடுப்பு கட்டாயம், ஏனென்றால் போகும்போது சுகமாகப் போய்விடுவீர்கள், திரும்பும்போது காற்று முகத்துக்கு நேரே வரும், தட்டைப் பாய் அதை எதிர்த்து ஏறத் திணறும், முழுத்தூரமும் வலித்துத்தான் வரவேண்டியிருக்கும். மூலைகளில் மூன்று அடுக்கு ஒட்டுப்போட்டு, விளிம்பில் கயிறு வைத்துப் பொலியெஸ்டர் நூலால் இப்படியும் அப்படியும் நெளியும் 'ஸிக்ஸாக்' தையல் போடுங்கள். பருத்தி நூல் உக்கிவிடும்.

முதல் சோதனை தரையில், மெல்லிய காற்றில். மூலையிலிருந்து சாய்வாகச் சுருக்கம் விழுந்தால் உடனே தையலைப் பிரிக்காதீர்கள், முதலில் கயிறுகளை இறுக்கியும் தளர்த்தியும் பாருங்கள். அப்புறம் ஏரியில். மரத்துக்குக் கொஞ்சம் பின்னால், பாயின் இரண்டு பக்கமும் ஒரு சாண் கம்பளி நூல் ஒட்டுங்கள். இரண்டும் நேராகப் பின்னோக்கிப் பறந்தால் பாய் சரியாக வேலை செய்கிறது. காற்று வரும் பக்கத்து நூல் துடித்தால் பாயை உள்ளே இழுங்கள், மறுபக்கத்து நூல் துடித்தால் வெளியே விடுங்கள். பாயை இழுத்து விடுகிற கயிற்றை எங்கும் கட்டிவைக்காமல் கையிலேயே பிடியுங்கள், திடீர்க் காற்றில் விட்டுவிட்டால் வள்ளம் நிமிரும். உயிர்காப்பு அங்கி இல்லாமல் இறங்கவே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை கடல் பக்கம் போகாதீர்கள்.

பதிவு பற்றியும் கேட்டிருந்தார். நான் ஏறி இறங்கிய கந்தோர்களில் மீன்பிடி வள்ளமா, சுற்றுலா வள்ளமா என்றுதான் கேட்டார்கள், வீட்டில் கட்டிய பாய்வள்ளத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இத்தனை கடல் சூழ்ந்த நாட்டில் இது என்ன நிலைமை! அதற்காக வாசலில் நின்று 'நான் எடுத்துத் தருகிறேன்' என்பவரிடம் போகாதீர்கள். கேள்வியை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள்.