பெயர்கூட இல்லாத மரபணுவில் மகள் ஐந்து வருடம் செலவழிக்கலாமா?

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்து, நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வாகி, பிஎச்.டி.க்கு இடமும் பிடித்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க விடாமல் ஒரு விஷயம் உங்களை அரிக்கிறது. கைடு கொடுத்திருக்கும் மரபணுவைத் தேடினால் நாலைந்து கட்டுரைகள்தான் வருகின்றன. "புற்றுநோய், சர்க்கரைநோய் என்று நாலு பேருக்குத் தெரிந்ததை எடுத்திருக்கலாமே" என்று உங்கள் தம்பியும் சொல்கிறார்.

மனித உடலில் புரதம் செய்வதற்கான குறிப்பைத் தாங்கிய மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. உலக ஆய்வகங்கள் திரும்பத் திரும்பத் தோண்டுவது அவற்றில் சுமார் 2,000 மரபணுக்களைத்தான். மீதியில் பலவற்றுக்குக் கதவு எண் மாதிரி ஓர் அடையாளம் மட்டும் இருக்கிறது. மகளுடைய மரபணுவின் பெயர் 'ஃபேம்' என்று தொடங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். ஜாடை ஒத்த குடும்பத்தைச் சேர்ந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம். அதன் டி.என்.ஏ. எழுத்து வரிசை இன்னொரு மரபணுவின் வரிசையை ஒத்திருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

இதே 'ஃபேம்' பட்டியலில் ஒரு காலத்தில் ஃபேம்38ஏ என்று ஒன்று இருந்தது. அதன் கதையை உங்கள் தம்பிக்கும் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஆர்டெம் படபூட்டியன் என்பவரின் ஆய்வகத்தில் பெர்ட்ராண்ட் கோஸ்ட் என்ற இளம் ஆராய்ச்சியாளர் இருந்தார். செல்லை மெல்லிய கண்ணாடிக் குழாயால் அழுத்தினால் அதில் சிறு மின்னோட்டம் எழும். அந்த அழுத்தத்தை உணரும் புரதம் எது என்பதுதான் கேள்வி. சந்தேகத்துக்குரிய 72 மரபணுக்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக அடக்கிவிட்டு, ஒவ்வொரு முறையும் செல்லைக் குத்திப் பார்த்தார். ஒன்று, இரண்டு, பத்து, ஐம்பது... மின்னோட்டம் வந்துகொண்டே இருந்தது. 72-ஆவது மரபணுவை அடக்கியபோது நின்றுபோனது. அதுதான் ஃபேம்38ஏ. 2010-இல் வெளியிட்டபோது, அழுத்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'பீசோ1' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் புரதத்தின் வடிவம் பிற்பாடு தெரிந்தது. மூன்று பிரதிகள் சேர்ந்து, நம் வீட்டு மின்விசிறியின் மூன்று இறக்கைகள் போல செல்லின் சவ்வில் பதிந்திருக்கின்றன. சவ்வு இழுபட்டால் நடுவில் வழி திறந்து, கால்சியம் போன்ற அயனிகள் உள்ளே பாய்கின்றன. ஜாடையை வைத்தே அதன் தங்கையான பீசோ2-வும் கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு நம் மூக்கைத் தொட முடிவதற்கு அது முக்கியக் காரணம். பிறவியிலேயே பீசோ2 பழுதானவர்கள் கண்ணைக் கட்டிவிட்டால் நடக்கத் தடுமாறுகிறார்கள். 2021-இல் படபூட்டியனுக்கு மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சரி, எல்லா மரபணுவும் பீசோ ஆகிவிடாது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதிகம் ஆராயப்படாத மரபணுக்களில் வேலை செய்த இளம் ஆராய்ச்சியாளர்கள் பிற்காலத்தில் சொந்த ஆய்வகம் அமைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. தெரிந்த மரபணு என்றால் அதன் புரதத்தை அடையாளம் காட்டும் ஆன்டிபாடியைக் கடையில் வாங்கலாம், ஒப்பிட்டுப் பார்க்க நூறு கட்டுரைகள் இருக்கும். தெரியாததில் கருவியையே தானாகச் செய்ய வேண்டும். முதல் இரண்டு வருடம் அதிலேயே போய்விடலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகள் பிஎச்.டி.க்குக் கட்டுரை வெளியீட்டைக் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தாமாகக் கேட்கின்றன, வேலை கொடுப்பவர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

ஆனால் அந்தக் கஷ்டத்திலேயே ஒரு லாபம் இருக்கிறது. ஆன்டிபாடி இல்லாததால் மகள் கிறிஸ்பர் முறையில் மரபணுவைத் திருத்தி, புரதத்துக்கு ஒளிரும் வால் ஒன்றைக் கட்டி, அது செல்லுக்குள் எங்கே போகிறது என்று மைக்ரோஸ்கோப்பில் தேடுவார். அது எந்தப் புரதங்களோடு ஒட்டுகிறது என்று பார்ப்பார். 2021-இல் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருள் கிட்டத்தட்ட எல்லா மனிதப் புரதங்களுக்கும் கணித்துக் கொடுத்த வடிவங்களைக் கணினியில் அலசுவார். மரபணு பெயர் தெரியாததாக இருந்தாலும், பெங்களூரு, ஹைதராபாத் மருந்து ஆராய்ச்சிக் கம்பெனிகள் நேர்காணலில் கேட்பது இந்தத் திறமைகளைத்தான். பைத்தான் அல்லது ஆர் நிரலாக்கத்தை முதல் வருடத்திலேயே கற்கச் சொல்லுங்கள்.

என் அபிப்பிராயம்: சேரலாம், ஒரு நிபந்தனையோடு. இந்த மரபணுவோடு, ஆய்வகத்தில் ஏற்கெனவே பாதி நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையிலும் மகளுக்குப் பங்கு வேண்டும். அதில் ஒரு கட்டுரை வந்துவிட்டால், தெரியாத மரபணுவோடு நிம்மதியாகப் போராடலாம். இரண்டாவது வேலை தர மாட்டேன் என்று கைடு சொன்னால் நான் தயங்குவேன். மரபணுவைவிட ஆய்வகமும் கைடும்தான் மாணவர்களை ஆக்குவதும் உடைப்பதும் என்பதை இத்தனை வருடத்தில் பார்த்துவிட்டேன். பழைய மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அங்குள்ள சீனியர்களிடம் தனியாக விசாரிக்கட்டும். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து, மதிப்பீட்டில் தேறினால் எஸ்ஆர்எஃப் என்ற அடுத்த நிலை உதவித்தொகை, மாதம் 42,000. விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப்படி தனி. மகளுடைய செலவு அதற்குள் அடங்கும். ஆனால் உதவித்தொகை ஐந்து வருடம்தான். அப்புறம் இழுத்தால் கைப்பணம்தான், அதனால் மூன்றாம் வருட முடிவில் ஒரு கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் அந்தப் புரதம் செல்லில் எங்கே இருக்கிறது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஆய்வுக்குழுவிடம் சொல்லி, இரண்டாவது வேலையையே ஆய்வேடாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கலாம்.

சேரும் தேதிக்கு முன்பே கைடிடம் அந்த இரண்டாவது வேலையைப் பற்றி மகளே பேசட்டும். நீங்கள் போன் செய்ய வேண்டாம், அம்மா. கைடு சொன்ன பதிலை எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.