கராஜ் கேள்வி பதில்: அம்மப்பாவின் மொறிஸ் டிரவலர்

கேள்வி: ஐயா, எங்கள் அம்மப்பா அப்போதிக்கரியாக இருந்தவர். அவருடைய மொறிஸ் மைனர் டிரவலர் கார், பின்பாதி மரச்சட்டத்தோடு வருவது, 1959-இல் பதிந்தது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் எங்கள் குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு மண்ணெண்ணெயில் மீசாலை வரை ஓடியதுதான் கடைசி ஓட்டம். அடுத்த வருடம் லான்ட்மாஸ்ரரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) கட்டி இழுத்து வந்து கொட்டிலில் விட்டார்கள். இப்போது புதுப் பற்றறி வாங்கிவிட்டேன். இந்தக் கிழமையே ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? பின்பக்க மரச்சட்டத்துக்குப் பெயின்ற் அடித்தால் போதுமா? அம்மா அதில் ஏறி நல்லூர்த் திருவிழாவுக்குப் போக ஆசைப்படுகிறார்.
– வாசகி ஒருவர், கோப்பாய்

பதில்: பற்றறி இப்போதைக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், பிள்ளை. ஸ்டார்ட் செய்வது கடைசி வேலைகளில் ஒன்று. முதல் வேலை மரம்.

டிரவலரின் மரச்சட்டம் அழகுக்கு வைத்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது தவறு. 1953 முதல் 1971 வரை வந்த எல்லா டிரவலரிலும் முன்கதவுக்குப் பின்னால் உள்ள உடம்பைத் தாங்குவது ஆஷ் என்கிற அந்தச் சீமை மரம்தான். கூரையும் பக்கத் தகடும் அலுமினியம். அவை சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. மரம் போய்விட்டால் காரின் பின்பாதிக்கு எலும்பு இல்லை. அதற்கு மேலே பெயின்ற் அடித்தால் நோய் மறையும், மாறாது.

மூன்று வருடத்துக்கு முன் சாவகச்சேரியில் இருந்து இப்படி ஒரு டிரவலர் என்னிடம் வந்தது. சட்டம் மண்ணிறப் பெயின்றில் பளபளவென்று இருந்தது. பின்சில்லுக்கு மேலே வளைந்த சட்டமும் நிமிர்ந்த காலும் சேருகிற இடத்தில் குந்தியிருந்து பெருவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன். பெயின்ற் முட்டைக்கோது போல உள்ளே போனது. விரலை எடுத்தவுடன் செம்மண் பொலபொலவென்று கொட்டியது. உள்ளே மரமே இல்லை. கறையான் கட்டிய மண்தான் சட்டத்தின் உருவத்தில் நின்றுகொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்த தம்பி அதற்குமுன் இரண்டு தரம் அந்தக் காரை வீதியில் ஓடியிருக்கிறார், பின்சீற்றில் பிள்ளைகளோடு. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஆகவே ஒரு சின்ன ஸ்குறூட்றைவரை எடுத்து எல்லா மூட்டிலும் குத்திப் பாருங்கள். முக்கியமாக, பின்பக்க யன்னல்களின் கீழே. அந்தக் கண்ணாடிகள் சறுக்கித் திறப்பவை. அவை ஓடுகிற தவாளிப்பில் மழைத்தண்ணீர் தேங்கி, பச்சைப் பாசி பிடித்து, அங்கேயிருந்துதான் உக்கல் கீழே இறங்கும். உங்கள் கார் கொட்டிலில் நின்றதால் மழையை விடக் கறையானுக்குத்தான் நான் கூடப் பயப்படுகிறேன்.

மரம் மாற்றத்தான் வேண்டும் என்றால் நல்ல தச்சரைப் பிடியுங்கள். கார் மெக்கானிக்கால் இது ஆகாது. தேக்கு போதும். முதிரை உறுதிதான், ஆனால் பாரம், வளைவு எடுக்கவும் கஷ்டம். தேக்கில் எண்ணெய்ப்பிடி உண்டு, பசை ஒட்ட அடம்பிடிக்கும். ஒட்டப்போகிற முகத்தைத் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு உடனே ஒட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முடிந்த பிறகுதான் மற்றப் பக்கத்தைக் கழற்ற வேண்டும், கூரைக்கு உள்ளேயிருந்து முட்டுக்கொடுத்துவிட்டு. பழைய துண்டு எவ்வளவு உக்கியிருந்தாலும் எறியாதீர்கள். கழுந்தும் துளையும் எந்த அளவு, எந்தச் சரிவு என்று தச்சருக்குச் சொல்லப்போவது அதுதான். பித்தளை ஸ்குறூ போடுங்கள். பின்னாலுள்ள இரட்டைக் கதவு இரண்டும் கை வைக்காமலே ஒரே கோட்டில் வந்து மூடினால் சட்டம் சதுரத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் பிறேக். நான்கு சில்லுக்கும் ட்ரம் பிறேக். முன்சில்லுகளில் இரண்டிரண்டு, பின்சில்லுகளில் ஒவ்வொன்று என ஆறு சிலிண்டர். முப்பது வருடத்தில் ஆறும் இறுகியிருக்கும், ரப்பர்கள் பாகாகியிருக்கும். பெடலை மிதித்ததும் பிறேக் ஒயிலைத் தள்ளிவிடுகிற மாஸ்ரர் சிலிண்டரைத் தேடி பொனற்றைத் திறந்தால் காணமாட்டீர்கள். அது சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே, சசி என்கிற அடிச்சட்டத்தின் உள்ளே ஒளிந்திருக்கிறது. அதைக் கழற்றப் போனால் முன்சில்லுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்கிற டோர்ஷன் பார் கம்பி குறுக்கே நிற்கும். அதனால்தான் பழைய ஆட்கள்கூட இந்த வேலையைத் தள்ளிப்போடுவார்கள். நீங்கள் தள்ளிப்போடாதீர்கள். இரும்புக் குழாய்களையும் ரப்பர்க் குழாய்களையும் நல்லதா கெட்டதா என்று பார்த்துக்கொண்டிராமல் முழுவதும் புதிதாகப் போடுங்கள்.

காருக்குக் கீழே படுத்திருக்கும்போதே முன்சில்லுகளின் ட்ரனியனைப் பாருங்கள். சில்லுத் தண்டின் அடியில் புரியோடு திருகியிருக்கும் துண்டு அது. கிறீஸ் இல்லாமல் ஓடினால் புரி தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும், சில்லு அப்படியே உள்ளே மடங்கிவிடும். மைனரின் பெரிய வியாதி இது. கிறீஸ் ஏற்றுகிற நிப்பிளில் கிறீஸ் அடித்துப் பாருங்கள், பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே பிதுங்கி வரவேண்டும். வராவிட்டால் கழற்றத்தான் வேண்டும். ரயர்கள் பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்றுங்கள். அந்த வயதில் ரப்பர் வெடித்திருக்கும்.

இப்போது எஞ்சின். 1959 என்றால் 948 சிசி. நல்ல முரட்டு எஞ்சின், பயப்படாதீர்கள். ஆனால் அது கடைசியாகக் குடித்தது மண்ணெண்ணெய் என்பதை மறக்கக்கூடாது. பெற்றோலுக்குத் தடை இருந்த அந்த வருடங்களில் நானே எத்தனையோ கார்களை அப்படி மாற்றிக் கொடுத்தேன். ஒரு சின்னப் போத்தலில் இருந்து கார்பரேற்றருக்கு நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்வது. சூடு வந்ததும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவது. அது சரியாக எரிய வேண்டும் என்று எக்ஸோஸ்ற்றைச் சுற்றிச் செப்புக்குழாய் ஓட்டி, அதனூடாக எண்ணெயைச் சூடாக்கி அனுப்பினோம். உங்கள் காரிலும் அந்தச் செப்புக்குழாய் இருந்தால் முதலில் அதைக் கழற்றி எடுங்கள். பெற்றோல் அதற்குள்ளே போனால் கொதித்து ஆவியாகும், நெருப்பும் பிடிக்கும். குழாயை வீட்டில் வைத்திருங்கள். அம்மப்பா அந்தக் காலத்தில் அந்தக் காரை எப்படி ஓட வைத்தார் என்பதற்கு அது சாட்சி.

எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டி, எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற சம்புக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கியிருக்கும். ஒயிலை வடித்து, சம்பைக் கழற்றி, அடியில் இருக்கும் கறுப்புக் களியைச் சுரண்டி எடுத்துவிட்டு 20W-50 ஒயில் விடுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒயிலும் டீசலும் கலந்து கொஞ்சம் ஊற்றி மூன்று நாள் விடுங்கள். பிறகு முன்னால் ஹான்டிலைப் போட்டுக் கையாலேயே மெதுவாகச் சுற்றுங்கள். அசையாவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். இன்னும் ஊற்றி, இன்னும் நாலு நாள் பொறுங்கள். சுற்றத் தொடங்கியதும் இடைவெளிகளைச் சரிசெய்யுங்கள்: வால்வுக்குப் பன்னிரண்டு தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் பொயின்றுக்குப் பதினைந்து, பிளக்குக்கு இருபத்தைந்து. பெற்றோல் தாங்கியைக் கழற்றிக் கழுவாமல் ஒரு சொட்டும் விடவேண்டாம்.

அதற்குப் பிறகு பற்றறி. கவனம், இந்தக் காரில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் உடம்புக்குப் போகும். இந்தக் காலக் காரைப் போல நெகற்றிவ்வை உடம்பில் கொடுத்துவிடாதீர்கள். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து, கார்பரேற்றர் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். சத்தமே வராவிட்டால் ஸ்பானரின் பிடியால் பம்பில் மெதுவாக ஒரு தட்டு. பாதி நேரம் அதிலேயே உயிர் வந்துவிடும்.

அம்மாவின் ஆசைக்கு வருகிறேன். இந்த வருடத் திருவிழாவுக்கு முடியாது, அதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மரவேலைக்கே மாதங்கள் போகும். திருவிழா நாட்களில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனமும் விடமாட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை விடியவே வெளிக்கிடுங்கள். பருத்தித்துறை வீதியால் இருபாலை கடந்து ஐந்து கிலோமீற்றர் அளவுதான், மூன்றாம் கியரிலேயே போகலாம். ஒரு கான் தண்ணீர் எடுத்துப்போங்கள். அம்மாவை முன்சீற்றில் இருத்துங்கள்.

கேள்வி: எங்களிடமும் ஒரு டிரவலர் இருக்கிறது. பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு ஜப்பான் எஞ்சின் வைத்தால் நல்லது என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர் ஒருவர், வவுனியா

பதில்: எஞ்சின் வெடித்து, திருத்தவே முடியாது என்றால் செய்யுங்கள். மற்றப்படி வேண்டாம். வேகம் கூடும், ஆனால் அதை நிறுத்தப்போவது பழைய ட்ரம் பிறேக்தான். எஞ்சின் இலக்கம் மாறுவதால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். பழைய எஞ்சினின் சிலிண்டர்களை ஒருதரம் கடைந்து (போரிங்) புதுப் பிஸ்ரன் போட்டால் உங்கள் காலம் முழுவதும் ஓடும்.

கேள்வி: அப்பாவின் பெயரில் உள்ள கார். அவர் காலமாகிவிட்டார். கார் ஓடத் தொடங்கிய பிறகு பெயர் மாற்றினால் போதும்தானே?
– வாசகர் ஒருவர், சுன்னாகம்

பதில்: போதாது தம்பி, இப்போதே தொடங்குங்கள். மரணச் சான்றிதழ், பதிவுப் புத்தகம், மற்றச் சகோதரங்களின் சம்மதம் எல்லாம் சேர நாளாகும். இடப்பெயர்வில் புத்தகம் தொலைந்திருந்தால் இன்னும் நாளாகும். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். கார் கராஜில் நிற்கும்போதே கடதாசி வேலையும் ஓடட்டும்.