கார் எஞ்சின் தேய்மானத்தை எப்படி அளப்பது?

ஓடிய கிலோமீட்டரை வைத்தே தேய்மானத்தைச் சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவுக்குத்தான். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடிய எஞ்சினும், தினமும் குளிர்ந்த நிலையில் கிளப்பி ஐந்து நிமிடத்தில் அணைத்த எஞ்சினும் மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டலாம், உள்ளே நிலைமை வேறு.

பிரிக்காமல் பார்க்க, முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் எவ்வளவு அழுத்தம் உண்டாக்குகிறது என்று அளப்பது. பெட்ரோல் எஞ்சின் என்றால், சூடாக இருக்கும்போது எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு ஒவ்வொரு சிலிண்டராக கேஜில் அளக்க வேண்டும். வரும் எண்ணைவிட சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒன்று மட்டும் குறைவா? அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) அல்லது சிலிண்டர் சுவர் தேய்ந்திருக்கிறது, அசையவே இல்லையென்றால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ (சிலிண்டர்களுக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) சந்தேகப்படலாம்.

இதைவிடத் துல்லியமானது லீக் டவுன் டெஸ்ட். பிஸ்டனை மேலே நிறுத்தி, வால்வுகள் மூடியிருக்கும்போது காற்றைச் செலுத்தி எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பார்கள். சைலன்சரில் 'உஸ்' கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். காதே போதும்!

ஆனால் பேரிங் (எஞ்சினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) தேய்மானம் இவை எதிலும் தெரியாது. அதற்கு, சூடான எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது ஆயில் பிரஷரை அளக்க வேண்டும், பேரிங் தேய்ந்திருந்தால் அது குறைவாக இருக்கும். அப்புறம், ஆயில் மாற்றும்போதெல்லாம் பழைய ஆயிலில் கொஞ்சம் ஆய்வகத்துக்கு அனுப்பி, தேயும் பாகங்களிலிருந்து அதில் கலக்கும் இரும்பு, செம்பு, ஈயம் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள், ஒரே ஒரு அறிக்கையை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது.